பழுத்த காகிதமும் முற்றிய மரமும்

சென்ற போகியன்று நம் இல்லத்தில் பழைய தகரப் பெட்டி ஒன்றைத் திறக்க நேர்ந்தது. 1984ஆம் ஆண்டில் நம் தந்தையார் ரயில்வேயில் உத்தியோகம் பெற்று, விழுப்புரத்திலிருந்து இந்தப் பூசாவல் நகருக்கு வந்தபோது கையோடு கொண்டுவந்த பெட்டி அது. சங்க அன்பர்கள் பலருடைய இல்லங்களிலும் அத்தகைய பெட்டி ஒன்று கட்டிலுக்கடியில் இருக்கும். அதனுள் இருப்பவை எவை என்று நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஜாதகக் குறிப்பு, பத்திர நகல், ஊரிலிருந்து வந்த கடிதங்கள், பள்ளியிறுதிச் சான்றிதழ். அயலூருக்குப் பிழைக்க வந்தவனுக்கு நிலமும் புலமும் பெட்டிக்குள்தான் என்று தந்தையார் சொல்வதுண்டு. அவர் மறைந்து நான்காண்டுகள் ஆகின்றன.

பெட்டியின் அடியில் விரித்திருந்தவையும், காகிதங்களைச் சுற்றியிருந்தவையும் அவர் ஊரைவிட்டுப் புறப்பட்ட வாரத்துத் தமிழ் நாளிதழ்கள். அவை காவி நிறமடைந்து, தொட்ட இடமெல்லாம் அப்பளம்போல் நொறுங்கின. உள்ளே இருந்த சான்றிதழோ பெரும்பாலும் வெண்மை குன்றாமலே இருந்தது. ஆயினும் செய்தித்தாளின் மடிப்புப் பட்ட இடத்தில் ஒரு பழுப்புப் பட்டை விழுந்திருந்தது. தந்தையாரின் பெயரும் பிறந்த தேதியும் எழுதிய வரிகள் அந்தப் பட்டைக்குள் அகப்பட்டுக்கொண்டன.

“என்னங்க, ரெண்டும் காகிதந்தானே? ஒண்ணு இப்படிப் பழுத்துப் போச்சு, ஒண்ணு ஏன் பழுக்கலே?” என்று நம் இல்லத்தரசி கேட்டார். நாள்தோறும் பார்சல் ஆபீஸில் காகிதத்தோடு மாரடிக்கும் நமக்கு அக்கேள்விக்கு விடை தெரியவில்லை. தெரியாது என்று ஒப்புக்கொள்ளவும் மனம் வரவில்லை. அடுத்த விடுமுறை நாளில், செய்தித்தாள் துண்டு ஒன்றை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நேபாநகருக்கு வண்டியேறினோம்.

நேபாநகர், நம் பாதையிலேயே கண்டுவாவுக்குப் போகும் வழியில் உள்ள ஊர். செய்தித்தாள் காகிதம் செய்வதற்கென்று நம் நாட்டில் ஏற்பட்ட முதல் ஆலை அங்கேதான் இருக்கிறது. 1955இல் காகித உற்பத்தி தொடங்கியது. 1956 ஏப்ரலில் பண்டித நேரு அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார். சுற்றுவட்டாரக் காடுகளின் சாலை மரத்தையும் மூங்கிலையும் நம்பி எழுந்த ஆலை அது. அவ்வாலையில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வுபெற்ற தமிழ்ப் பெரியவர் ஒருவர் நமக்குப் பழக்கம். துண்டைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவர், “தம்பி, பழுத்தது காகிதம் இல்லே. அதுக்குள்ளே இருக்கிற மரம்” என்றார்.

பிறகு அலமாரியிலிருந்து ஒரு சிறு குப்பியை எடுத்தார். புளோரோகுளூசினால் என்னும் பொருளைச் சாராயத்தில் கரைத்து, உப்புக் காடி அமிலம் சேர்த்த திரவம் அது. செய்தித்தாளின் மேல் ஒரு சொட்டு விட்டார். குங்குமம் வைத்தாற்போல் சிவந்தது. தீக்குச்சியின் மேல் ஒரு சொட்டு, அதுவும் சிவந்தது. தம் வேட்டியிலிருந்து உருவிய பருத்தி நூலின் மேல் ஒரு சொட்டு, நிறமே இல்லை. நல்ல நோட்டுப் புத்தகத் தாளும் அவ்வாறே வெளுத்திருந்தது. சான்றிதழையும் சோதிக்கலாமா என்று நாம் கேட்டதற்கு, “அமிலத்தை அதன்மேல் விடலாமா, தம்பி?” என்று கடிந்துகொண்டார். மரத்தன்மை எங்கே இருக்கிறதோ அங்கே மட்டும் சிவக்கும் இச்சோதனையை 1878இல் கண்டறிந்தவர் வியன்னா நகரத்து யூலியஸ் வீஸ்னர்.

சிவந்த பொருளுக்கு லிக்னின் என்று பெயர். இலத்தீனில் லிக்னும் என்றால் மரக்கட்டை. 1813இல் சுவிட்சர்லாந்து நாட்டுத் தாவர நூலறிஞர் டி காண்டோல் இட்ட பெயர் இது. 1838இல் பிரெஞ்சு ரசாயனி அன்செல்ம் பாயன் மரத்தை நைட்ரிக் அமிலத்திலும் காரத்திலும் மாற்றி மாற்றி இட்டுக் கழுவினார். இறுதியில் வெண்மையான நார் எஞ்சியது. அதற்கு அவர் செல்லுலோஸ் என்று பெயர் சூட்டினார். கழுவிப் போனதை, நாரின்மேல் படிந்து மூடியிருந்த பொருள் என்று மட்டும் குறித்துவைத்தார். அன்று அவர் கழுவி ஊற்றியதில் பெரும்பங்கு லிக்னின்.

உலர்ந்த மரத்தின் எடையில் நூற்றுக்கு 20 முதல் 30 பங்கு வரை லிக்னினே ஆகும். தேங்காய் நாரில் ஏறக்குறைய 40 பங்கு. பருத்திப் பஞ்சில் அறவே இல்லையென்று சொல்லலாம். உப்பங்கழியில் மாதக்கணக்கில் மட்டையை ஊறப்போட்டாலும் அதன் சதையே அழுகிக் கழிகிறது, நார் நிற்கிறது. அந்தக் கயிறு பின்பு கிணற்று நீரில் ஆண்டுக்கணக்கில் உழைக்கிறது. பருத்திக் கயிறு அப்படி உழைக்குமா? இல்லத்தரசிகளுக்கு இப்பொருள் பெயர் தெரியாமலே நன்கு அறிமுகமானது. கடைக்காரன் பார்க்காத வேளையில் வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்க்கிறார்களே, அது லிக்னின் சோதனைதான்! நுனி ஒடியாமல் வளைந்தால் நாரில் லிக்னின் ஏறி, காய் முற்றிவிட்டது என்று பொருள். முருங்கைக்காயின் மென்று துப்பும் பட்டையும், கொய்யாப் பழத்தில் பல்லில் நறநறவென்று அகப்படும் மணலும், தேங்காய்ச் சிரட்டையும் இதே பொருளால் இறுகியவை.

செடிக்கு இது எதற்கு? நீரில் வாழும் பாசியை நீரே தாங்கிக்கொள்கிறது. 40 கோடி ஆண்டுகளுக்கு முன்பே கரையேறிவிட்ட தாவரங்களுக்கு அத்தாங்கல் இல்லை. நிமிர்ந்து நிற்கவும் வேண்டும், வேரிலுள்ள நீரை உச்சிக்கு ஏற்றவும் வேண்டும். நீர் மேலேறுவது கீழிருந்து தள்ளுவதனால் அன்று. இலைகளிலிருந்து நீர் ஆவியாகும்போது மேலிருந்து இழுக்கப்படுவதே முதன்மையான காரணம். மெல்லிய குழாயில் வாய்வைத்து வலுவாக உறிஞ்சினால் குழாய் உட்புறமாக ஒட்டிக்கொள்வதை இளநீர்க் கடையில் கண்டிருப்போம். மரத்தின் நீர்க்குழாய்கள் அவ்வாறு ஒட்டிக்கொள்ளாதபடி சுவரை விறைப்பாக்குவதும், சுவர் நீரில் ஊறிப் பதமிழக்காதபடி காப்பதும் லிக்னின்.

நம் ரயில் பாதையிலேயே இதற்கோர் உவமை உண்டு. முன்பு சால், தேக்கு, தேவதாரு மரங்களை அறுத்து ஸ்லீப்பர் கட்டையாகப் போட்டார்கள். இன்று கான்கிரீட் ஸ்லீப்பர் போடுகிறார்கள். பொருள் மாறிற்று, யுக்தி மாறவில்லை. கான்கிரீட்டினுள் இழுவையைத் தாங்க எஃகுக் கம்பிகளும், அவற்றைச் சுற்றி அழுத்தத்தைத் தாங்கக் காரையும் இருக்கின்றன. மரத்தில் செல்லுலோஸ் கம்பி, லிக்னின் காரை.

ஆனால் இந்தக் காரையை மரம் எங்கே குழைக்கிறது, எப்படி ஊற்றுகிறது என்பதைப் பெரியவர் சொல்லக் கேட்டும், பின்னர் நூலகத்தில் படித்தும் அறிந்தபோது நமக்கு உண்டான வியப்பு சிறிதன்று. பள்ளியிறுதியோடு படிப்பை நிறுத்திய நமக்குப் புரிந்த அளவில் அதை இங்கே எழுதுகிறோம்.

தொடக்கப் பொருள் ஃபீனைல் அலனைன் என்னும் அமினோ அமிலம். அதை நம் உடலால் செய்துகொள்ள முடியாது. பருப்பிலிருந்தும் பாலிலிருந்தும் பெற வேண்டும். செடி தானே செய்துகொள்கிறது. அதன் உருவத்தை மனத்தில் வரைந்துகொள்வது எளிது. ஆறு கார்பன் அணுக்கள் கைகோத்த ஒரு வட்டம். அவ்வட்டத்திலிருந்து மூன்று கார்பன் அணுக்களாலான ஒரு வால். வாலில் அம்மோனியாவுக்கு உரிய நைட்ரஜன். முதல் வேலையாக ஒரு நொதி அந்த நைட்ரஜனை அம்மோனியாவாகக் கழற்றி விடுகிறது. அந்நொதியை 1961இல் அமெரிக்காவில் கூக்கோல், கான் என்னும் இருவர் வாற்கோதுமையிலிருந்து பிரித்தெடுத்து ஆராய்ந்தனர். கழன்ற அம்மோனியாவைச் செடி வீணாக்குவதில்லை. மீண்டும் அமினோ அமிலம் செய்ய எடுத்துக்கொள்கிறது. எஞ்சுவது சின்னமிக் அமிலம். இலவங்கப்பட்டையின் மணத்துக்குக் காரணமான பொருளுக்கு நெருங்கிய உறவு அது. பெயரும் அப்பட்டையிலிருந்தே வந்தது. தேக்கு மரத்துக்கும் நம் அஞ்சறைப் பெட்டிக்கும் இப்படியொரு சம்பந்தம் இருப்பதை யார் அறிவார்!

அதன்பின் நொதிகள் பல வரிசையாக வேலை செய்கின்றன. ஒன்று வட்டத்தின் மேல் ஆக்ஸிஜனைச் சேர்க்கும்; வேறொன்று அதன்மேல் மெத்தில் தொகுதியை ஏற்றும்; மற்றொன்று வாலின் நுனியைத் திருத்தும். முடிவில் மூன்று பொருள்கள் உருவாகின்றன. கூமரில் ஆல்கஹால், கோனிஃபெரில் ஆல்கஹால், சினாபில் ஆல்கஹால் என்பன அவற்றின் பெயர்கள். ஆல்கஹால் என்றதும் வேறெதுவும் எண்ண வேண்டாம். குடிப்பதற்கு உரியவை அல்ல. மூன்றும் ஒரு தாய் வயிற்றுச் சகோதரிகள் போன்றவை. உருவம் ஒன்றே, வேறுபாடு அணியில். மெத்தாக்ஸி என்னும் சிறு தொகுதியைக் காதுத் தோடு என்று கொண்டால், கூமரிலுக்கு இரு காதும் வெறுங்காது. கோனிஃபெரிலுக்கு ஒரு காதில் மட்டும் தோடு. சினாபிலுக்கு இரு காதிலும் தோடு. இச்சிறு வேறுபாட்டினால் விளையும் பெரிய விளைவைப் பின்னர்க் காண்போம்.

இம்மூன்றும் செல்லின் உள்ளே பிறக்கின்றன; வேலையோ செல்லுக்கு வெளியே, சுவரில். செல் வளர்ந்து தன் முழு அளவை எட்டும்வரை லிக்னின் ஏறுவதில்லை, ஏறிவிட்டால் பின்பு நீள முடியாது. வளர்ச்சி நின்றபின், முதலில் செல்களின் மூலைகளிலும் செல்லுக்கும் செல்லுக்கும் இடையிலுள்ள பூச்சிலும் தொடங்கிச் சுவரின் உட்புறம் நோக்கிப் படிகிறது. சுவர் முற்றியதும், நீர்க்குழாயாக வேண்டிய செல் தன் உள்ளடக்கம் முழுவதையும் கரைத்துக்கொண்டு இறந்துபோகிறது. அது வெற்றுக் குழாயான பிறகே நீர் தடையின்றி ஓடும். சில செடிகளில், செல் இறந்த பின்னும் அதன் சுவர் இறுகுவது நிற்பதில்லை. அண்டையில் உயிரோடிருக்கும் செல்கள் தம் சரக்கை அனுப்பி அச்சுவரை முடித்துக் கொடுக்கின்றன. செத்த வீட்டுக்கு அடுத்த வீட்டார் செய்யும் உதவி என்று இதைக் கொள்ளலாம்.

சுவருக்குள் வந்து சேர்ந்த சகோதரிகளை அங்கே இருவகை நொதிகள் எதிர்கொள்கின்றன. லாக்கேஸ் என்பது காற்றிலுள்ள பிராணவாயுவைக் கொண்டும், பெராக்ஸிடேஸ் என்பது ஹைட்ரஜன் பெராக்ஸைடைக் கொண்டும் வேலை செய்யும். இரண்டும் செய்வது ஒன்றே. வந்தவளிடமிருந்து ஒரு ஹைட்ரஜன் அணுவைப் பறித்துக்கொள்கின்றன. பறிகொடுத்த மூலக்கூற்றில் ஓர் எலெக்ட்ரான் துணையின்றித் தனித்து நிற்கும். அது தவியாய்த் தவித்து, அடுத்துத் துணையிழந்து நிற்கும் மற்றொன்றோடு உடனே பிணைந்துகொள்ளும். அத்தோடு நொதியின் வேலை முடிந்தது. யாரோடு யார் பிணைவது, உடலின் எந்த இடத்தில் பிணைவது என்பதை எந்த நொதியும் கைபிடித்து நடத்துவதில்லை என்பதே பெரும்பாலான ஆராய்ச்சியாளர் கொள்கை.

உயிர்ப் பொருள்களுள் இது ஒரு விந்தை. செல்லுலோஸைப் பாருங்கள். குளுகோஸ் சர்க்கரை ஆயிரக்கணக்கில், ஒரே வகைக் கொக்கியால், ஒன்றன்பின் ஒன்றாக நேராகக் கோக்கப்பட்ட சங்கிலி அது. ஒரு சரக்கு வண்டியின் வாகன்கள்போல முன்னும் பின்னும் மட்டுமே இணைப்பு. புரதத்துக்கு எழுத்துக்கு எழுத்து வரிசை உண்டு. லிக்னினுக்கோ வரிசையும் இல்லை, ஒரே கொக்கியும் இல்லை. முன்னும் பின்னும் மட்டுமன்றிப் பக்கவாட்டிலும் கொக்கி வைத்த வாகன்களை யார்டில் அவிழ்த்துவிட்டு, எது எதனோடு முட்டுகிறதோ அதனோடு பூட்டிக்கொள்ளட்டும் என்று விட்டால் எப்படியிருக்கும்? நம் யார்டு மாஸ்டர் மயங்கி விழுவார். மரமோ அதன்மேல்தான் நிற்கிறது! இணைப்புகளுள் ஏறக்குறையப் பாதியில், ஒன்றின் வாலும் மற்றொன்றின் வட்டமும் இடையே ஓர் ஆக்ஸிஜன் அணுவைக்கொண்டு சேர்ந்திருக்கின்றன. மற்றவற்றில் பல, கார்பனோடு கார்பன் நேரே பற்றிய பிடிகள். அவற்றை அவிழ்ப்பது கடினம்.

தோட்டின் பயன் இங்கேதான் தெரியவருகிறது. வட்டத்தில் தோடில்லாத காது இருந்தால் அங்கேயும் ஒரு பிடி விழலாம். தோடிருந்தால் இடம் அடைபட்டுவிட்டது. பைன், தேவதாரு போன்ற ஊசியிலை மரங்கள் பெரும்பாலும் ஒற்றைத் தோட்டுக் கோனிஃபெரிலைக் கொண்டே லிக்னின் செய்கின்றன. ஆகவே அவற்றில் கார்பன் பிடிகள் மிகுதி. தேக்கு, யூகலிப்டஸ் போன்ற அகன்ற இலை மரங்கள் கோனிஃபெரிலோடு சினாபிலையும் சேர்க்கின்றன. அவற்றின் லிக்னினில் கிளைகள் குறைவு. ஆக்ஸிஜன் இணைப்புகள் மிகுதி. காகித ஆலையில் அது எளிதாகப் பிரிந்து வருகிறது. மூங்கில், நெல், கரும்பு முதலிய புல்லினத்தில் மூன்று சகோதரிகளும் உண்டு. கூமரிலின் பங்கு மட்டும் சிறிது.

இந்தக் கணக்கை முதலில் ஊகித்தவர் சுவீடன் நாட்டு பேட்டர் கிளாசன். லிக்னின் கோனிஃபெரில் ஆல்கஹாலோடு தொடர்புடையது என்று 1897இலேயே அவர் கூறினார். மெய்ப்பித்துக் காட்டியவர் ஜெர்மனியில் ஹைடல்பெர்க் நகரத்துக் கார்ல் பிராய்டன்பெர்க். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அவர் செய்த பரிசோதனை நம் மனத்தைக் கவர்ந்தது. கோனிஃபெரில் ஆல்கஹாலை நீரில் கரைத்து, காளானிலிருந்து எடுத்த நொதியைச் சேர்த்துக் காற்றுப் படவிட்டார். மரமும் இல்லை, உயிருள்ள செல்லும் இல்லை. பாத்திரத்தில் படிந்த தூள் ஊசியிலை மரத்து லிக்னினைப் பெரிதும் ஒத்திருந்தது.

ஒழுங்கில்லாத இப்பின்னலே மரத்துக்குக் கவசமாகவும் அமைந்தது. ஒழுங்கான சங்கிலியை உடைக்க ஒரே மாதிரிக் கத்தரி போதும். கிருமிகளிடம் அது உண்டு. பின்னலின் ஒவ்வொரு முடிச்சும் வேறு வேறு என்றால் எந்தக் கத்தரி பொருந்தும்? காயம்பட்ட இடத்திலும் பூஞ்சை நுழையும் இடத்திலும் பல செடிகள் அவசரமாக லிக்னினைப் பூசிக்கொள்வதும் இதனால்தான். கறையான் மரத்தைத் தின்றாலும் முக்கியமாகச் செரிப்பது செல்லுலோஸைத்தான். லிக்னினில் பெரும்பகுதி எச்சத்தோடு வெளியேறிவிடுகிறது. வெள்ளழுகல் பூஞ்சை என்னும் காளான் வகையே இதை முற்றிலும் அழிக்க வல்லது. அது கத்தரியைப் பயன்படுத்துவதில்லை; எலெக்ட்ரானைப் பறிக்கும் அதே தந்திரத்தைத் திருப்பிச் செய்து பின்னலைச் சிதறடிக்கிறது. அதற்குரிய நொதி 1983இல் அமெரிக்காவில் கண்டறியப்பட்டது. மழையில் கிடந்த கட்டை வெளுத்துப் பஞ்சாகிவிட்டால் லிக்னினைத் தின்ற பூஞ்சையின் வேலை. பழுப்பாகிச் சதுரம் சதுரமாக உதிர்ந்தால், செல்லுலோஸைத் தின்று லிக்னினை விட்டுப்போன வேறொரு பூஞ்சையின் வேலை.

இனி நம் பெட்டிக்கு வருவோம். நல்ல காகிதம் செய்ய, மரச் சில்லுகளையோ மூங்கில் சில்லுகளையோ எரிசோடாவும் சோடியம் சல்பைடும் கலந்த நீரில் அழுத்தத்தோடு வேகவைத்து லிக்னினைக் கரைத்துப் பிரிக்கிறார்கள். ஜெர்மானியர் கார்ல் டால் 1884இல் உரிமை பெற்ற முறை அது. பிரிந்த கருஞ்சாற்றை ஆலையிலேயே எரித்து நீராவி உண்டாக்குகிறார்கள். ஆனால் இம்முறையில் மரத்தின் எடையில் பாதிதான் காகிதக்கூழாக மிஞ்சும். காலையில் வாசித்து மாலையில் கடலை மடிக்கும் தாளுக்கு அவ்வளவு செலவு கட்டுமா? அதற்காக மரத்தைக் கல்லில் வைத்து அப்படியே அரைத்துக் கூழாக்கும் முறையை 1840களில் கெல்லர் என்னும் ஜெர்மன் நெசவாளர் கண்டார். எதுவும் வீணாவதில்லை, லிக்னினும் போவதில்லை. செய்தித்தாள் மலிவானது அதனால்தான்.

அந்த லிக்னின், வெளிச்சமும் காற்றும் வெப்பமும் படப்பட மெல்ல மாறி, மஞ்சளும் பழுப்புமான குயினோன் வகைப் பொருள்களைத் தருகிறது. பூசாவல் வெயிலைப் பற்றி அன்பர்களுக்கு நாம் சொல்ல வேண்டுமா? ஆயினும் எல்லாப் பழியையும் லிக்னின் தலையில் சுமத்தலாகாது என்று பெரியவர் எச்சரித்தார். தாள் நொறுங்குவது அமிலத்தால். பழைய காகிதங்களில் மை பரவாதிருக்கப் படிகாரம் சேர்ப்பார்கள். அதனால் வரும் அமிலமும், தாள் மூப்படையும்போது உண்டாகும் அமிலமும் செல்லுலோஸ் சங்கிலியைத் துண்டு துண்டாக வெட்டுகின்றன. அமிலமும் நிறப்பொருளும் அண்டையிலுள்ள நல்ல தாளுக்கும் பரவும். சான்றிதழில் விழுந்த பட்டை அப்படிப் பரவியதுதான்.

“பட்டை போகுமா ஐயா?” என்று கேட்டோம். “போகாது, தம்பி. இனிமே பரவாம பார்த்துக்கலாம்” என்றார். செய்தித்தாளை நீக்கிவிட்டு, சாயமோ கஞ்சியோ இல்லாத, நன்றாக அலசிய பழைய பருத்தித் துணியில் சுற்றி, சமையலறை அனலும் நேர் வெயிலும் படாத அலமாரியில் வைக்கச் சொன்னார்.

வீடு திரும்பியதும், பெட்டியின் மேல்தட்டில் இருந்த தந்தையாரின் நாலு முழ வேட்டியை எடுத்து, கரையைக் கத்தரித்துவிட்டு இரண்டு முறை அலசி உலர்த்தினார் நம் இல்லத்தரசி. சான்றிதழும் கடிதங்களும் இப்போது அதில் இருக்கின்றன. 1984ஆம் ஆண்டு நாளிதழ்களை எறிய மனமின்றி வேறோர் உறையில் தனியே வைத்திருக்கிறோம். பெரியவர் விட்ட சொட்டின் சிவப்பு, அந்தத் துண்டில் மறுநாளே மங்கத் தொடங்கிவிட்டது.